இழந்த முடியும் இறக்கிய முடியும்

பழனியிலும் திருத்தணியிலும் சமயபுரத்திலும் திருமலையிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் முடி இறக்குகிறார்கள். மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வருபவரைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை. "எந்தக் கோயிலுக்குப் போயிருந்தீங்க?" என்று கேட்டு, பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அதே வீட்டில் முப்பது வயதுக்குள் முன்நெற்றி ஏறிவிட்ட ஓர் இளைஞன் இருந்தால், அவனைப் பார்க்கும் பார்வை வேறு. அவன் ஒரு ஹேர் பேட்ச் வைத்துக்கொண்டு விசேஷத்துக்கு வந்தால் பேச்சும் வேறு: கடவுள் கொடுத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே, எதற்கு இந்த வேஷம்? முடியையே காணிக்கையாகக் கொடுக்கிற பக்தர்கள் இருக்கிற நாட்டில், இரவல் முடிக்கு ஏங்குவது பற்று இல்லையா? இந்தக் கேள்வி பக்தியின் மொழியில் கேட்கப்படுவதால், கேட்கப்பட்டவர் தலைகுனிந்து நின்றுவிடுகிறார். ஆனால் நம் சமய மரபை ஊன்றிப் பார்த்தால் இந்தக் கண்டனத்துக்கு அதில் இடமில்லை என்பது என் துணிபு. முடியைத் துறப்பது ஒரு செயல். முடியை இழப்பது ஒரு நேர்வு. முதலாவதன் பெருமையைக் கொண்டு இரண்டாவதில் தவிப்பவரை அளக்க முடியாது.

முடி உதிர்கிறவர் செய்துகொள்வது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கண்டனங்கள் அதைத் தெரியாமலே எழுகின்றன. ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குக் காரணம், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடல் உண்டாக்கும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனுக்கு முன்தலை, உச்சந்தலை வேர்க்கால்கள் காட்டும் மிகை உணர்வு. வேர்க்கால் சுருங்கச் சுருங்க முடி மெலிந்து, நுண்மயிராகி, கடைசியில் முளைப்பதை நிறுத்திவிடுகிறது. மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக இருந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடலில் முடி வளர்வதைக் கண்ட பிறகு, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது. ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு ஆண்களின் வழுக்கைக்கென 1997இல் ஒப்புதல் கிடைத்தது. சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகள் தருவதால் அதை மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும். இவற்றில் எதை நிறுத்தினாலும் அதனால் கிடைத்த பலன் சில மாதங்களில் போய்விடும். புழுவெட்டு வேறு வகை: உடலின் எதிர்ப்பு ஆற்றலே வேர்க்கால்களைத் தாக்குவது அது. கடுமையான புழுவெட்டுக்குப் பாரிசிட்டினிப் என்ற மாத்திரை 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருந்து பலிக்காதவர்களுக்கும் வேண்டாதவர்களுக்கும் மற்ற வழிகள்: மெல்லிய வலையிலோ பாலியூரித்தேன் படலத்திலோ முடியைக் கோத்து, டேப்பாலோ பசையாலோ தலையில் ஒட்டும் ஹேர் பேட்ச், கிளிப்பால் மாட்டும் விக், மெலிந்த இடத்தில் தூவும் கெரட்டின் இழைப்பொடி, தலைத்தோலில் புள்ளி புள்ளியாக நிறமேற்றி, ஒட்ட வெட்டிய முடிபோலத் தெரியச் செய்வது. பேட்ச் ஒட்டியவர் சில வாரங்களுக்கொரு முறை அதைக் கழற்றி, தலையைச் சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட வேண்டும். நாளடைவில் பேட்ச்சையே மாற்ற வேண்டும். இத்தனைக்கும் பிறகு அவருக்குத் தன் முடி திரும்புவதில்லை. கோயிலில் மழித்த தலையிலோ மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் முடி மீண்டும் வளர்ந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு உடலோடு நின்றுவிடுவதில்லை. துறவில் மதிப்புப் பெறுவது விருப்பம்தான், கத்தி அல்ல. சமணத் துறவி தீட்சையின்போது தன் தலைமயிரைக் கையாலேயே பறித்துக்கொள்கிறார்; புத்த பிக்கு மழித்துக்கொள்கிறார். இருவரும் ஒரு வாழ்க்கையைத் தேர்ந்து அதன் வாசலில் அதைச் செய்கிறார்கள். இதே மழிப்பு விருப்பமின்றி நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றில் கசப்பான சான்று இருக்கிறது. கணவனை இழந்த பிராமணப் பெண்களின் தலையை மழித்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. கத்தி அதே கத்தி, தலையும் பார்வைக்கு அதே மொட்டைத் தலை. அதைச் சாத்திரம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் இன்று அதைத் துறவு என்று சொல்ல எவருக்கும் நா எழாது, அது கொடுமை. விருப்பத்தை எடுத்துவிட்டால் துறவில் எஞ்சுவது பறிப்புத்தான் என்பதை அந்தப் பெண்களின் வாழ்க்கை காட்டிவிட்டது. முப்பது வயது இளைஞனிடம் முடியைப் பறித்தது சமூகம் அல்ல, உடல். அந்த வேறுபாடு உண்மைதான். ஆனாலும் அவன் எதையும் கொடுக்கவில்லை. கொடுக்காதவனிடம் போய்க் கொடுத்தவனின் மனநிறைவைக் கேட்பது முறையாகாது.

பொருளைவிட விருப்பமே பெரிது என்பதற்கு இஸ்லாத்திலும் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. ஹஜ் கடமைகளின் நிறைவில் ஆண்கள் தலையை மழிக்க வேண்டும், அல்லது முடியைக் குறைக்க வேண்டும். தலையில் முடியே இல்லாதவர் என்ன செய்வது? சட்ட அறிஞர்கள் இதை விவாதித்திருக்கிறார்கள். கத்தியைத் தலைமேல் ஓட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். சிலர் அதைக் கடமை என்றார்கள், சிலர் விரும்பத்தக்கது என்றார்கள். விழுவதற்கு ஒரு மயிரும் இல்லாத தலையிலும் வழிபாடு முழுமை பெறுகிறது. திருமலையிலும் முழு மொட்டை அடித்துக்கொள்ளாத பெண்கள் மூன்று கத்தரிப்பு முடி கொடுத்தால் அது காணிக்கையாகவே ஏற்கப்படுகிறது.

முடி என்பது ஒன்றுமில்லாத பொருள் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. மானம் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டு இடங்களில் மயிரைத்தான் உவமையாக்குகிறார்: நிலையிலிருந்து தாழ்ந்தவர் தலையிலிருந்து விழுந்த மயிர்போல ஆகிவிடுவார் என்பது ஒன்று, மயிரை இழந்தால் உயிர் வாழாத கவரிமா இன்னொன்று. முடியிழப்பு ஒருவருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை அறிந்த சமூகத்திடம்தான் அந்த உவமைகள் எடுபடும். காணிக்கைக்குப் பெருமை வந்ததும் இதனால்தான். மதிப்பற்ற ஒன்றைக் கடவுளுக்குக் கொடுப்பதில் என்ன இருக்கிறது? முடியைப் பெரிதாக நினைக்கும் மனிதர் அதைக் கொடுப்பதால்தான் அது காணிக்கை ஆகிறது. ஆகவே, மொட்டையைப் போற்றிக்கொண்டே முடிக்காக வருந்துபவரை இகழ்கிறவர், தான் போற்றுகிற செயலின் வேரையே வெட்டுகிறார்.

இதைவிட நேரான சான்று நம் கதைகளில் இருக்கிறது. திருமலையில் முடி காணிக்கை ஏன் வந்தது என்பதற்கு மக்கள் சொல்லும் கதையைக் கவனியுங்கள். புற்றில் இருந்த சீனிவாசனுக்கு ஒரு பசு பால் சொரிகிறது. பசுவை வெட்ட ஓங்கிய இடையனின் கோடரி சீனிவாசனின் தலையில் படுகிறது. காயம்பட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. நீளாதேவி என்ற கந்தர்வ இளவரசி அதைக் காண்கிறாள். இவ்வளவு அழகிய முகத்தில் இந்தக் குறை இருக்கக் கூடாதென்று தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்து அந்த இடத்தில் பொருத்துகிறாள். மகிழ்ந்த பெருமாள், இனி அடியார்கள் தரும் முடியெல்லாம் உனக்கே சேரும் என்று வரம் தருகிறார். உலகில் மிகப் பெரிய அளவில் முடி காணிக்கை நடக்கும் தலங்களில் ஒன்று, தன் வழக்கத்துக்குத் தோற்றமாகச் சொல்லும் கதையில், இழந்த இடத்தில் இன்னொருவர் முடியை ஏற்று அணிந்தவர் கடவுள்தான். அவர் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை. உடல் பொய் என்று நீளாதேவிக்கு உபதேசமும் செய்யவில்லை.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் மானக்கஞ்சாற நாயனார் வரலாறு இன்னும் நுட்பமானது. மகளின் திருமண நாளில் மாவிரத முனிவராக வந்த சிவபெருமான், மணப்பெண்ணின் கூந்தலைப் பார்த்து, மார்பில் அணியும் பஞ்சவடிக்கு இது ஆகும் என்கிறார். மயிரைத் திரித்துச் செய்யும் மார்புநூல் அது. தந்தை தயங்காமல் அரிந்து கொடுத்துவிடுகிறார். இதுவரை இது கொடையின் கதை. சொற்பொழிவுகளில் பெரும்பாலும் இங்கேயே வியந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சேக்கிழார் நிறுத்தவில்லை. மணமகனாக வந்த ஏயர்கோன் கலிக்காமர், தாமும் நாயன்மார் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர், நடந்ததைக் கேட்டு அந்தக் கொடையைப் போற்றுகிறார். ஆனாலும் முடியில்லாத மணப்பெண்ணை நினைத்து அவர் மனம் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியைச் சேக்கிழார் மறைக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. இறைவன் செய்தது என்ன? அழகில் என்ன இருக்கிறது என்று கலிக்காமரைக் கடிந்துகொள்ளவில்லை. பெண்ணுக்குக் கூந்தலைத் திருப்பித் தந்து மணத்தை நடத்திவைத்தார். கொடையின் பெருமையும் இழப்பின் வலியும் ஒரே கதையில், ஒரே பந்தலில் நிற்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை வாயடைக்க வேண்டிய தேவை பன்னிரண்டாம் நூற்றாண்டின் அந்தக் கவிஞருக்கு இருக்கவில்லை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும். கதைகள் இருக்கட்டும், விக் வைப்பது பொய் அல்லவா? கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து இதைக் கூர்மையாகக் கேட்டார்: குரு கைவைத்து ஆசீர்வதிக்கும்போது பொய்முடி வைத்தவரின் தலையில் கை படவில்லையே, ஆசி யாருக்குப் போகிறது? அவர் காலத்து உரோமச் செல்வக் குடும்பங்களில் விக் பகட்டின் அடையாளமாக இருந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கேள்வி நிற்காது. துணி போர்த்திய தோளில் கைவைத்துத் தரும் ஆசி துணிக்குப் போய்விடுகிறதா? பொய் என்றால் அதனால் ஏமாந்து நஷ்டப்படுகிறவர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு அந்த உண்மையை அறியும் உரிமையும் இருக்க வேண்டும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு என் தலைத்தோலைப் பற்றி அறிய அப்படி எந்த உரிமையும் இல்லை. நம் பாட்டிமார் பின்னலோடு சவுரி சேர்த்துக் கட்டியதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. ரஜினிகாந்த் திரையில் அடர்ந்த முடியோடும் வெளியில் வழுக்கையோடும் வருகிறார். இரண்டையும் தமிழர்கள் ஒரே அன்போடு பார்க்கிறார்கள். உரிமையுள்ளவர் என்று ஒருவர் உண்டென்றால் அது வாழ்க்கைத் துணையாக வரப்போகிறவர். பெண் பார்க்கும் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். மணமான பிறகு தெரியவந்தால் வலிப்பது முடி அல்ல, மறைத்தது. அங்கே மட்டும் கிளமெந்தின் பக்கம் நான் நிற்கிறேன்.

இதைவிடக் கடினமானது இஸ்லாமிய மரபில் உள்ள தடை. முடியோடு முடியை ஒட்டுவோரையும் ஒட்டச் சொல்வோரையும் நபிகள் சபித்ததாக ஹதீஸ் உண்டு. நோயால் முடி உதிர்ந்த மணப்பெண்ணுக்காகக் கேட்கப்பட்டபோதும் அனுமதி தரப்படவில்லை என்ற அறிவிப்பும் உண்டு. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. அந்த நம்பிக்கையில் வாழ்பவருக்கு இது கனமான சொல். ஆனால் அந்த மரபுக்குள்ளேயே விவாதம் நடந்திருக்கிறது. மனித முடிதான் தடை, கம்பளி, பட்டு நூல் போன்றவை ஆகும் என்று ஹனஃபி அறிஞர்கள் பிரித்தார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜாவுக்குப் பொன்னில் மூக்கு செய்து வைத்துக்கொள்ள நபிகளே அனுமதித்த செய்தியும் இருக்கிறது. அழகுக்காக மாற்றுவதும் இழந்ததை ஈடுசெய்வதும் வேறு வேறு என்று பிற்காலத்தவர் வாதாட அது ஆதாரமானது. இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் அந்த மரபின் அறிஞர்கள். வெளியிலிருந்து பார்க்கிற எனக்குத் தெரிவது ஒன்றுதான்: அங்கும் கேள்வி பகட்டுக்கும் இழப்புக்கும் இடையிலான கோட்டை எங்கே போடுவது என்பதைச் சுற்றியே நகர்கிறது.

உடல் நிலையாமையைச் சொல்லி வரும் மறுப்பு நம் வீடுகளில் அதிகம் கேட்பது. பட்டினத்தார் சொல்லவில்லையா, நாலடியார் சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார்கள். ஆனால் பட்டினத்தார் பேசியது பெரும்பாலும் தன் நெஞ்சோடு. நிலையாமை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் மருந்து; பக்கத்து வீட்டுப் பையனின் வாயில் வலிந்து ஊற்றினால் அது வசவாகிவிடும். திருமூலரோ உடம்பை ஒரு காலத்தில் இழிவென்று எண்ணியிருந்ததாகவும், அதனுள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுவதாகவும் பாடியவர். வெளிவேடத்தைப் பற்றி வள்ளுவர் சொன்னதையும் இங்கே நினைக்க வேண்டும். உலகம் பழிப்பதை ஒழித்துவிட்டால் தலையை மழிக்கவும் வேண்டாம், சடை வளர்க்கவும் வேண்டாம் என்பது அவர் முடிவு. அறம் தலைக்கு மேல் இல்லை என்பதுதான் அதன் கருத்து என்றால், மொட்டையால் ஒருவர் உயர்ந்துவிடவில்லை. பேட்ச்சால் ஒருவர் தாழ்ந்துவிடவும் இல்லை.

இனி, அணியும் அந்த முடி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. கோயில்களில் இறக்கிய முடி தரம் பிரித்து ஏலம் விடப்படுகிறது. திருமலை தேவஸ்தானத்துக்கு மட்டும் இதில் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்திருக்கிறது. நீண்ட முடி விக்காகவும் பேட்ச்சாகவும் உலகெங்கும் போகிறது. 2004 மே மாதத்தில் இதை வைத்து ஒரு பெரும் சமயச் சிக்கல் வெடித்தது. திருமணமான வைதிக யூதப் பெண்கள் தங்கள் கூந்தலை மறைக்க வேண்டும்; பலர் விக் அணிந்து மறைக்கிறார்கள். பிற தெய்வத்துக்குப் படைத்த பொருளிலிருந்து எந்தப் பயனும் அடையக் கூடாது என்பது யூதச் சட்டம். எருசலேமின் மூத்த ரப்பி யோசேஃப் ஷலோம் எல்யாஷிவ், இந்தியக் கோயில் முடி படையலல்ல என்று கிடைத்த தகவலை நம்பி முன்பு அனுமதித்திருந்தார். இலண்டனிலிருந்து ரப்பி அஹரோன் டேவிட் டன்னர் திருமலைக்கே வந்து பக்தர்களிடமும் நாவிதர்களிடமும் விசாரித்துச் சென்று, அவர்கள் முடியைக் கடவுளுக்கே தருகிறார்கள் என்றார். எல்யாஷிவ் தடை விதித்தார். புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் குவித்து எரித்தார்கள்.

அந்தப் பெண்களின் கடவுள் பற்றை நான் மதிக்கிறேன். தங்கள் சட்டத்தின்படி அவர்கள் நேர்மையாக நடந்தார்கள். ஆனால் நம் பக்கத்திலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் என்ன? திருமலையில் முடி இறக்கும் இடமான கல்யாணக்கட்டையில் இறக்கிய முடி சன்னதிக்குப் போவதில்லை. நைவேத்தியம்போல மூர்த்தியின் முன் வைக்கப்படுவதுமில்லை. பக்தர் மழித்துக்கொண்டு, குளித்து, பிறகுதான் தரிசனத்துக்குப் போகிறார். அவர் கொடுத்தது தன் அழகை, அதன்மேல் இருந்த பற்றை. கத்தி தலையைவிட்டு எடுக்கப்படும்போதே நேர்த்திக்கடன் நிறைவேறிவிட்டது. தரையில் கிடப்பது நடந்து முடிந்த ஒன்றின் மிச்சம். எனவே அதை வாங்கி அணியும் ஓர் இளைஞர் கடவுள் சொத்தைத் திருடவில்லை. நீளாதேவி கதையின் வழியில் பார்த்தால், ஒருவர் கொடுத்தது இன்னொருவர் குறையைத் தீர்க்கப் போய்ச் சேர்கிறது. இன்று கல்லூரி மாணவிகள் புற்றுநோயாளிகளின் விக்குக்காகக் கூந்தலை வெட்டித் தருகிறார்களே, அதில் கோயிலும் இல்லை, ஏலமும் இல்லை. ஆனால் அந்தக் கதைக்கு மிக அருகில் இருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனால் வியாபாரத்தில் தவறே இல்லை என்றாகாது. சந்தையில் வரும் முடியெல்லாம் கோயில் முடி அல்ல. வீட்டுக்கு வீடு சேகரித்த சிக்குமுடியும் உண்டு, வறுமையில் விற்ற கூந்தலும் உண்டு. இறக்கிய முடி என்ன ஆகிறது என்பதைப் பக்தருக்கும், எங்கிருந்து வந்தது என்பதை வாங்குபவருக்கும் சொல்ல வேண்டிய கடமை விற்பவர்களுக்கு இருக்கிறது. அணிபவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலில் அவர் அல்ல.

என்னை உண்மையாகவே தயங்க வைக்கும் மறுப்பு சமயவாதிகளுடையது அல்ல. ஒவ்வொருவரும் வழுக்கையை மறைத்துக்கொண்டே இருந்தால், வழுக்கை வெட்கக்கேடானது என்ற எண்ணம் வலுப்படாதா? வலுப்படும் என்றே நினைக்கிறேன். வழுக்கையோடு நிமிர்ந்து நடப்பவர் பின்னால் வருகிற பலருக்கு வழியைச் சீராக்குகிறார். ஆனால் அந்தப் பொறுப்பைக் கேலிக்கு ஆளானவர் தலையிலேயே ஏற்றுவது அநியாயம். கேலி செய்கிறவர் நிறுத்தினால் போதும், அதற்கு ஒரு பைசா செலவில்லை. பெண்கள் நிலையில் இது இன்னும் கடுமை. முடியில்லாத பெண்ணைப் பார்த்ததும் நோயையோ துக்கத்தையோ தேடுகிற கண்களுக்கு நடுவே அவள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். விக் அவளுக்கு அலங்காரமாக இல்லாமல், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரு காலையாக இருக்கலாம்.

கடைசியாக, கேட்கத் தயங்கப்படும் ஒரு கேள்வி. குணமானால் பழனியில் முடி இறக்குகிறேன் என்று கீமோ சிகிச்சைக்கு முன் நேர்ந்துகொண்ட பெண் என்ன செய்வது? பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி வளரத் தொடங்குகிறது, அவர் காத்திருக்கலாம். வளராதவரும், பரம்பரை வழுக்கை உள்ளவரும், இருப்பதை மழித்துக்கொண்டால் நேர்த்திக்கடன் நிறைவேறும். முடியே இல்லாவிட்டாலும் கத்தியை ஓட்டிக்கொள்ளலாம். தலையிலுள்ள பேட்ச்சைக் கொடுக்க வேண்டியதில்லை. அது விலை கொடுத்து வாங்கியது, நேர்ந்துகொண்டது அல்ல. பசையைக் கரைத்துக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மழிக்க உட்காரலாம். குளித்து, தலை துவட்டி, விரும்பினால் மீண்டும் வைத்துக்கொண்டு மலையேறலாம்.